ஆறாம் வகுப்பு உண்டாக்கிய ஊரணிக்காரி

வாத்தியார் வேலையில் ஒரு விசித்திரம் உண்டு: பதில் தெரிந்தவர் கேள்வி கேட்பார், தெரியாதவர்கள் பதில் சொல்லவேண்டும். ஒரு வருஷம் நான் இதைக் கொஞ்சம் மாற்றி, எனக்கே பதில் தெரியாத கேள்விகளை வகுப்பில் கேட்டுப் பார்த்தேன். அதில் பட்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். இடுப்பில் பிள்ளையும் தோளில் பையுமாகப் பள்ளிக்கூடம் போய்வருகிற சகோதரிகளே, இது உங்களுக்கு. மற்றவர்கள் சிரித்துவிட்டுப் போகலாம். மகளைத் தூங்கப் போட்டுவிட்டு எழுதுவதால், நடுவில் எங்காவது வாக்கியம் தடுமாறினால் அவள் புரண்டு படுத்தாள் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

எதற்கு அடி?

நான் படித்தது கான்வென்டில். அங்கே காம்போசிஷன் என்றால் மழைநாள், ரயில் பயணம், பழைய குடை ஒன்றின் சுயசரிதை. எங்கள் சிஸ்டருக்குக் கற்பனை முக்கியமில்லை, மார்ஜின் முக்கியம். அப்படி வளர்ந்தவளைத் தொண்ணூற்றைந்தாம் வருஷம் திருப்பத்தூருக்கு ஒரு பயிற்சிக்கு அனுப்பினார்கள். “உலகத்தில் ஒரு பொருள் ஏன் இப்படி இருக்கிறது என்பதற்குப் பிள்ளைகளே ஒரு புராணம் உண்டாக்க வேண்டும். கேட்ட கதை கூடாது. சரியா தப்பா என்று நீங்கள் பார்க்கக் கூடாது” என்றார்கள். சரி தப்பு பார்க்கக் கூடாது என்றால் வாத்தியாருக்கு அங்கே என்ன வேலை என்று பஸ்ஸில் வரும்போதெல்லாம் யோசித்தேன்.

மறுநாள் ஆறாம் வகுப்பில் சொன்னேன். முதல் தடவை வந்தது எல்லாமே ஞாயிற்றுக்கிழமைக் காலையில் டிவியில் வருகிற சாமிகள். ஒரே வில்லும் அம்பும் புகையும். “இதெல்லாம் யாரோ சொன்னது. யாருமே சொல்லாததை நீங்களா உண்டாக்கணும்” என்றேன். வகுப்பு என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தது. பள்ளிக்கூடத்துப் பிரம்புகள் அத்தனையையும் ருசி பார்த்த கருப்பையா எழுந்து கையைக் கட்டிக்கொண்டு கேட்டான்: “டீச்சர், பொய் எழுதுனா அடிப்பீகளா, எழுதாட்டி அடிப்பீகளா? அத மட்டும் மொதல்ல சொல்லிருங்க.”

வாசலுக்கு நேர் வாசல்

கதைகளுக்குப் போகுமுன் என் பயத்தைச் சொல்லிவிடுகிறேன். அது தெரியாவிட்டால் மற்றது புரியாது.

அப்போது பள்ளத்தூரில், பெரிய செட்டியார் வீடு ஒன்றின் கடைசிக் கட்டில், அதாவது பின்பகுதியில், குடியிருந்தோம். அந்த வீடுகளை நீங்கள் பார்த்திருப்பீர்கள். முன்வாசலில் நின்றால் கதவுக்குள் கதவாக எல்லாம் ஒரே நேராகப் போய், பின்வாசல் வெளிச்சம் தபால்தலை அளவுக்குத் தெரியும். எங்களுக்கு வாய்த்தது அந்தத் தபால்தலைதான். பின்கதவைத் திறந்தால் தெரு, தெருவைத் தாண்டினால் ஊரணி. குடிதண்ணீர் ஊரணி என்பதால் அதில் ஒருத்தரும் கால் நனைக்கக் கூடாது என்பது ஊர்க்கட்டு. குடம்தான் நனையலாம். மூன்றரை வயது ஜெனிக்கு ஊர்க்கட்டு ஏது? தண்ணீரைக் கண்டால் என் மகள் இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு ஓடுவாள், அங்கே யாரோ தூக்கிக்கொள்ளக் காத்திருப்பதுபோல. குடிவந்த வாரமே அவளைத் தண்ணீர் தொட்ட படியில் வைத்துப் பிடித்தேன். அதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. என் வீட்டுக்காரர் காலை பஸ்ஸில் ஆபீசுக்குப் போய்விடுவார். அவளை யாரை நம்பி விடுவது? பள்ளிக்கூடத்துக்கே தூக்கிப்போனேன். பள்ளிக்கூடம் இருந்ததும் அதே ஊரணியின் எதிர்க்கரையில்தான். வகுப்பு மூலையில் பாயை விரித்துச் சிலேட்டும் பலப்பமும் கொடுத்து உட்காரவைப்பேன். கரும்பலகைப் பக்கம் திரும்புகிற நேரமெல்லாம் முதுகு கூசும்.

வீட்டுக்கார ஆச்சி முன்கட்டில் இருந்தார்கள். பின்கதவுக்குத் தாழ்ப்பாள், அதற்குமேல் பூட்டு, அதற்குமேல் ஒரு நாற்காலி என்று நான் அடுக்குவதைப் பார்த்துக் கேலி செய்வார்கள் என்று நினைத்தேன். செய்யவில்லை. பூட்டை ஒரு தரம் தானே இழுத்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்கள்: “நல்லாப் பூட்டு ஆத்தா. ஊரணி எங்கயும் போகாது. பிள்ளைதான் போகும்.”

வாடாத பூ

மல்லிகாவின் அப்பா ஆத்தங்குடியில் தரைக்கல் செய்கிற பட்டறையில் வேலை பார்த்தார். கண்ணாடித் தகட்டின்மேல் சாயக் குழம்பை ஊற்றிப் பூப்போட்டு, அதன்மேல் மணலும் சிமெண்டும் நிரப்பி, காய்ந்ததும் தண்ணீர்த் தொட்டியில் இறக்குவார்கள். மல்லிகா எழுதிவந்த கதை இது. ஆதியில் சூரியன் தினமும் பூக்களைக் கருக்கிக்கொண்டிருந்தது. பூக்களெல்லாம் கூடிப் போய் மணலிடம் அடைக்கலம் கேட்டன. “ஒளிச்சு வைக்கிறேன். வெயிலு உங்களைத் தொடாது, நீங்க வாடவே மாட்டீக. ஆனா அதுக்கு வாசத்தைக் குடுத்துறணும், சம்மதமா?” என்றது மணல். பூக்கள் இரவு முழுக்க அழுதுவிட்டுச் சம்மதித்தன. அதனால்தான் தரையில் இருக்கிற பூ வாடுவதில்லை, மணப்பதும் இல்லை. அது அழுத ஈரம்தான் உச்சி வெயிலிலும் காலுக்குக் குளிர்ச்சியாக இருக்கிறது.

அவள் வாசித்து முடித்ததும் “உட்காரு” என்றேன். பயிற்சியில் அதற்குமேல் ஒன்றும் சொல்லித்தரவில்லை. சாயங்காலம் வாடகை விஷயமாகப் போனபோது ஆச்சியிடம் இந்தக் கதையைச் சொன்னேன். ஆச்சி குனிந்து தம் முன்கூடத்துப் பட்டாலைத் தரையைப் பார்த்தார்கள். அவர்கள் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து நடந்த தரை. காலை மெதுவாகத் தூக்கி, பூவில்லாத ஓரக் கல்லுக்கு மாற்றி வைத்துக்கொண்டு என்னைக் கோபித்தார்கள்: “ஏ ஆத்தா, இம்புட்டு வருசமா மிதிச்சுட்டேனே! யாராச்சும் ஒரு வார்த்தை சொல்லியிருக்கப்படாதா?”

காரைக்குடி நேரம்

அடி விழாது என்று உறுதியானதும் கருப்பையா எழுதினான். சாமி விடியற்காலையில் எழுந்து சுறுசுறுப்பாகப் பள்ளத்தூரைப் படைத்தார். பிறகு அசதியாகச் சாப்பிட்டுப் படுத்துவிட்டு, சாயங்காலம் எழுந்துதான் காரைக்குடியைப் படைத்தார். ஆகவே காரைக்குடி எப்போதுமே அரைநாள் பின்னால். அங்கிருந்து வருகிற பஸ் தாமதமாக வரவில்லை, அது அதன் நேரத்துக்குச் சரியாகத்தான் வருகிறது. நெரிசலில் தொங்கிக்கொண்டு போன ஒரு நாள் இதைக் கண்டக்டரிடம் சொன்னேன். மனுஷன் சீட்டுக் கிழிப்பதை நிறுத்திவிட்டு ஒரு நிமிஷம் வானத்தைப் பார்த்தார். “அந்தப் பயல ஒரு தடவ டிப்போவுக்குக் கூட்டிவாங்க டீச்சர். நான் சொன்னா மேனேஜர் நம்ப மாட்டேங்கிறாரு.”

மழைக்கு ஒரு மடி

ராக்கு எதையும் தானாகப் பேசமாட்டாள். பள்ளிக்கூடம் வருமுன் வீட்டுக்கு ஊரணித் தண்ணீர் எடுத்துவைத்துவிட்டு வருவாள். குடம் வைத்த பக்கத்துப் பாவாடை மத்தியானம் வரை ஈரமாகவே இருக்கும். அன்று தாளைக் கையில் வைத்துக்கொண்டாளே தவிர, அதைப் பார்க்காமலே சொன்னாள்:

“முன்னாடி இங்குட்டு ஊரே கெடையாது. வெறும் பொட்டல். ஒரு பொம்பள புள்ளையத் தூக்கிக்கிட்டு நடந்து வந்தா. புள்ளைக்குத் தாகம். மேல பாத்து மழையக் கூப்பிட்டா. மழ சொன்னுச்சு, ‘வர்றேன். ஆனா எறங்குனா எனக்குப் படுக்க எடமில்ல. இந்த மண்ணு என்னைய உறிஞ்சிரும். எனக்கு ஒரு மடி வேணும்.’ அவ புள்ளையக் கரையில நிப்பாட்டிட்டு உக்காந்து மடிய விரிச்சா. மழ எறங்கி வந்து படுத்துருச்சு. புள்ள குடிச்சுச்சு. அப்பறம் ஆளுக வந்தாக, ஊரு வந்துச்சு. அவளால எந்திரிக்க முடியல. எந்திரிச்சா தண்ணி கொட்டிப்போகும்ல. புள்ள மடிக்கு வாரேன்னு அழுகுது. மடி நெறஞ்சிருக்கு, எடமில்ல. அதான் யாரும் ஊரணியில காலு வைக்கக் கூடாது. அது ஒருத்தி மடி.”

கருப்பையா தலையைக் குனிந்திருந்தான். மூலையில் ஜெனி பலப்பத்தை வாயில் வைத்தபடி ராக்குவையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு, ஜெனியின் ஞானஸ்நானத்தில் அவள் நெற்றியில் தண்ணீர் விழுந்தபோது வந்ததே ஒரு சிலிர்ப்பு, அது வந்தது. ஜன்னலுக்கு வெளியே ஊரணி. அத்தனை நாளும் நான் பார்த்துப் பயந்த தண்ணீர், முதல் தடவையாக என்னைத் திரும்பிப் பார்த்ததுபோல இருந்தது. அந்தச் சிலிர்ப்பை மறைக்க வாத்தியாரம்மாவாகவே ஒரு கேள்வி கேட்டேன். “அப்ப காத்தடிச்சா அலை வருதே, அது என்ன?” ராக்கு யோசிக்கவே இல்லை.

“அது அலை இல்ல டீச்சர். அவ கை. புள்ளைய ‘நில்லு’ங்கிறா.”

எங்கிருந்து எடுத்தாய்?

யாரோ சொல்லிக்கொடுத்திருப்பார்கள் என்று எனக்குச் சந்தேகம். பதினோரு வயதில் யாருக்கு இது தோன்றும்? மதியச் சாப்பாட்டு நேரத்தில் தனியே கூப்பிட்டு, “நிஜத்தைச் சொல்லு, இது யார் சொன்ன கதை?” என்று மிரட்டலும் கெஞ்சலுமாகக் கேட்டேன். காப்பி அடித்தவள் மாதிரி அவள் முகம் வாடிவிட்டது. பிறகு ஜெனியைக் கையால் காட்டினாள். “நீங்கதான் டீச்சர். மடி நெறய எங்க பரீட்சைப் பேப்பர வச்சுக்கிட்டுத் திருத்துவீக. பாப்பா மடிக்கு வந்தா, பாக்காமலே கைய ஆட்டி ‘நில்லு நில்லு’ம்பீகள்ல?”

செவ்வாய்க்கிழமைக் கொட்டான்

இரண்டு நாள் கழித்து ராக்குவின் அம்மா பாக்கியம் வந்தாள். களையெடுப்பிலிருந்து நேரே வந்திருந்தாள், முழங்கால் வரை சேறு. சண்டைக்குத்தான் வந்திருக்கிறாள் என்று நினைத்தேன். சர்ச்சுக்குப் போகிற வேதக்காரி ஒருத்தி நம் பிள்ளைக்குச் சாமி கதை சொல்லித்தருகிறாள் என்று யாராவது கிளப்பிவிட்டால் என் கதி என்ன? அவளோ குரலைத் தாழ்த்திக்கொண்டு, “டீச்சர், அவுகளுக்கு என்ன படைக்கணும்?” என்றாள். எவுகளுக்கு? “ஊரணிக்காரிக்கு. இம்புட்டு நாளா கும்பிடாம விட்டுட்டோமே.” அது சாமி இல்லை, வகுப்பில் கொடுத்த பயிற்சி, உன் மகள் தானாக உண்டாக்கினாள் என்று ஆன மட்டும் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, “புள்ள வாயில வராம பின்ன யாரு வாயில டீச்சர் வரும்?” என்றாள்.

அடுத்த செவ்வாய்க்கிழமை ஊரணியின் மேல்படியில் மஞ்சள் தடவியிருந்தது. பக்கத்தில் சின்ன ஓலைக் கொட்டான், அதில் பனங்கற்கண்டும் பொரிகடலையும். அம்மாவுக்கு இல்லையாம். அம்மா எழுந்து வந்து ஊட்டமுடியாமல் கரையில் நிற்கிறதே, அந்தப் பிள்ளைக்காம். அதற்கடுத்த வாரம் மூன்று கொட்டான்கள். தெருப் பிள்ளைகள் வந்து தின்றார்கள், பெண்களும் திருப்தியாகப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். நான் ஜெனியை இடுப்பில் இறுக்கிக்கொண்டேன். ஏன் என்று உங்களுக்குச் சொல்லவேண்டாம். தண்ணீர் மட்டும் கூப்பிட்டுக்கொண்டிருந்த இடத்தில் இப்போது கற்கண்டும் சேர்ந்து கூப்பிட்டது. அதைக் கொண்டுபோய் வைத்தது என் வகுப்பு. பாக்கியத்தின் கையைப் பிடித்துக்கொண்டு, “கொட்டானை வேறெங்காவது வையுங்கள், கோயில் வாசலில், என் வீட்டு வாசலில், எங்கே வேண்டுமானாலும்” என்று கேட்டேன். அவளுக்கு என் பயம் புரிந்தது, கண் கலங்கியது, ஆனாலும் தலையை ஆட்டிவிட்டாள். “புள்ள நிக்கிறது கரையில டீச்சர். சோத்த வேற எடத்துல வச்சா அது எப்புடித் திங்கும்?”

பெரிய சாரின் கவலை

தலைமையாசிரியரைப் பெரிய சார் என்போம். அவரிடம் போய் அழாத குறையாக, இந்தப் புராணப் பயிற்சியையே நிறுத்திவிடலாம் என்றேன். அவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்து, ஜன்னல் வழியாக மஞ்சள் தடவிய படியைப் பார்த்தார். இந்த வேலையில் தலை நரைத்தவர், ஏதாவது வழி சொல்வார் என்று காத்திருந்தேன். கடைசியில் பெருமூச்சு விட்டார். “இனிமே நீங்க நிறுத்துனா என்ன, நிறுத்தாட்டி என்ன டீச்சர்? சாமி வந்துருச்சு. அடுத்து வீட்டுக்கு வீடு தலைக்கட்டு வரி வரும். அத யாரு வசூல் பண்றது, நீங்களா, நானா?”

ஐப்பசி

ஐப்பசி மழையில் ஊரணி நிரம்பி, மேல்படிக்கு இரண்டு படி கீழே தண்ணீர் நின்றது. ஒரு செவ்வாய்க்கிழமை மேலதிகாரி ஒருவர் பள்ளிக்கூடத்தைப் பார்வையிட வந்தார். புதுமாதிரிப் பயிற்சி என்று கேள்விப்பட்டு நேரே என் வகுப்புக்குத்தான் வந்தார். “இதனால் பிள்ளைகளுக்கு என்ன பயன்?” என்று கேட்டார். பயிற்சியில் சொன்ன வார்த்தைகளையெல்லாம் அழகாக வரிசைப்படுத்திச் சொல்லிக்கொண்டிருந்தேன். கற்பனை வளம் என்றேன். சிந்தனைத் திறன் என்றேன். மூன்றாவது ஒன்று சொல்ல வாயெடுத்தபோது கண் மூலைக்குப் போனது. பாய் இருந்தது. சிலேட்டு இருந்தது.

ஓடினேன். செருப்பு எங்கே கழன்றது தெரியாது. மாதாவே மாதாவே என்று வாய் சொன்னது. எந்த மாதாவை என்று மனசு கேட்கவில்லை. பின்னால் மொத்த ஆறாம் வகுப்பும் ஓடிவந்தது. எல்லாருக்கும் முன்னால் வந்த ராக்கு என் முந்தானையைப் பிடித்து இழுத்து, “கத்தாதீக டீச்சர், பயந்து விழுந்துரப்போகுது” என்றாள். வாயைப் பொத்திக்கொண்டேன்.

ஜெனி மஞ்சள் தடவிய மேல்படியில் நின்றுகொண்டிருந்தாள். ஒரு கையில் கொட்டான், வாயில் கற்கண்டு. கால் விரல்கள் படியின் விளிம்பைப் பிடித்திருந்தன. அவளுக்கு எட்டுகிற தூரத்தில் அத்தனை தண்ணீரும் காற்றில் மெல்ல மெல்ல அசைந்துகொண்டிருந்தது. தண்ணீரைக் கண்டால் இரண்டு கையையும் நீட்டி ஓடுகிற என் மகள், ஒரு கையை மட்டும் தூக்கி அதற்குப் பதிலுக்கு ஆட்டிக்கொண்டிருந்தாள், பஸ்ஸில் போகிற யாருக்கோ ஆட்டுகிற மாதிரி. பின்னாலிருந்து போய் வாரி எடுத்தேன். வாரிய வேகத்தில் கொட்டான் விழுந்து பொரிகடலை தண்ணீரில் மிதந்தது. எனக்குச் சிலுவை போட்டுக்கொள்ளத் தோன்றியது, போட்டுக்கொண்டேன். ஊரணியைப் பார்த்துத்தான் போட்டுக்கொண்டேன். “உள்ள எறங்குனியா? எறங்குனியாடி?” என்று உலுக்கினேன். ஜெனி என் கழுத்தைக் கட்டிக்கொண்டு, ரகசியம் சொல்வதுபோலக் காதில் சொன்னாள்: “இல்லம்மா. நில்லு நில்லுங்கிறாக. மடியில எடமில்லையாம்.”

சகோதரிகளே, என் மகளைத் தண்ணீர் விளிம்பில் நிறுத்திவைத்த அந்தக் கதைக்கு நான் போட்டிருந்தது பத்துக்கு ஏழு மார்க், எழுத்துப்பிழைக்கு ஒன்றும் மார்ஜின் விடாததற்கு இரண்டும் குறைத்திருந்தேன்.